முதல் நாள் கதையும் பின்னால் வரும் அறிக்கையும்

வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச்சூடு நடந்தால் அடுத்த வாரம் இந்தப் பகுதிக்குக் கடிதங்கள் குவிந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: சுட்டவன் எப்படி வளர்ந்தவன்? சேர்த்து வைத்திருந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். சுட்டவர்களின் பெயரும் இருக்காது. அதற்கான காரணத்தைத் திருவான்மியூர் வாசகர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

நங்கநல்லூர்: கைதானவனின் பிள்ளைப்பருவம், அம்மா பார்த்த வேலை, பள்ளிக்கூடப் புகைப்படம் எல்லாம் மறுநாளே பத்திரிகையில் வந்துவிடுகிறதே. அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிகிறது?

தெரிவதில்லை அம்மா, எழுதப்படுகிறது. சென்னையில் நெடுங்காலம் குற்றச் செய்தி எழுதியவள் நான். எழும்பூரில் இருந்த பழைய கமிஷனர் அலுவலகத்திலிருந்து கைதுத் தகவல் வந்தவுடன் ஆசிரியர் கேட்பது, "பின்னணி யார் எழுதுகிறீர்கள்?" என்றுதான். இரவுப் பதிப்புக்குள் கொடுத்தாக வேண்டும். போய்ப் பார்த்தால் வீட்டில் பூட்டு தொங்கும். உறவினர்கள் வாய் திறக்கமாட்டார்கள். மிஞ்சுவது எதிர்வீடு, மளிகைக்கடை, இஸ்திரி வண்டி. வியாசர்பாடிப் பக்கம் ஒரு கொலை வழக்கு. தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவர் காலையில் என்னிடம், "தங்கமான பையன், வணக்கம் சொல்லாமல் தாண்டிப் போகமாட்டான்" என்றார். மாலையில் கைதுக் காட்சி தொலைக்காட்சியில் ஓடிய பிறகு வேறொரு நிருபரிடம், "அவன் பார்வையே சரியில்லை, எனக்கு அப்போதே தெரியும்" என்றிருக்கிறார். இரண்டும் அச்சில் வந்தன. அவர் பொய்யர் இல்லை. விஷயம் தெரிந்த பிறகு நினைவு தானாகவே தன்னைத் திருத்திக்கொண்டுவிடுகிறது.

அமெரிக்காவில் வேகம்தான் கூடுதல். 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அன்றைக்குத் தொலைக்காட்சிகள் கொலையாளி என்று முதலில் சொன்னது சுட்டவனின் அண்ணன் பெயரை! வேறு மாநிலத்தில் குடியிருந்த, இதில் எந்தச் சம்பந்தமும் இல்லாத மனிதர் அவர்.

1999இல் கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் பள்ளியில் நடந்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்ற இரண்டு பையன்களைப் பற்றி முதல் வாரத்தில் வந்த கதை என்ன? நண்பர்களே இல்லாதவர்கள், கறுப்பு அங்கி போட்ட கும்பலைச் சேர்ந்தவர்கள், கேலி தாங்காமல் விளையாட்டு வீரர்களைப் பழிவாங்கினார்கள். விசாரணை முடிந்து பார்த்தால் இருவருக்கும் நண்பர்கள் இருந்திருக்கிறார்கள். ஒருவன் மூன்று நாட்களுக்கு முன்புதான் பள்ளியின் நடன விருந்துக்குப் போய் வந்திருக்கிறான். அவர்கள் போட்ட திட்டம் உணவுக்கூடத்தையே எரிவாயு சிலிண்டர் குண்டுகளால் தகர்ப்பது. குண்டுகள் வெடிக்கவில்லை, அதனால்தான் துப்பாக்கியை எடுத்தார்கள். யார் செத்தாலும் சரி என்று திட்டமிட்டவர்களைப் பற்றி, குறிப்பிட்ட சிலரைப் பழிவாங்க வந்தவர்கள் என்ற கதை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூர் (ஓய்வுபெற்ற ஆசிரியை): அடிபட்டும் அன்பில்லாமலும் வளர்ந்த பிள்ளைகள்தான் இப்படி ஆகிறார்கள் என்று சொல்லலாமா?

பாதி தூரம் சொல்லலாம். ஜில்லியன் பீட்டர்சன், ஜேம்ஸ் டென்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1966 முதல் பொது இடங்களில் நான்கு பேரையோ அதற்கு மேலோ சுட்டுக்கொன்றவர்களின் வாழ்க்கையைத் தொகுத்தார்கள். சிறுவயதில் வீட்டில் வன்முறை, பெற்றோர் தற்கொலை, கடுமையான கேலி போன்றவை அதில் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஆனால் அது மட்டும் இல்லை. சம்பவத்துக்குச் சற்று முன்பு ஒரு பெரும் நெருக்கடி, முன்னால் செய்தவர்களைப் பார்த்துப் பாடம் படித்தது, கைக்கு எட்டிய துப்பாக்கி ஆகியவையும் சேர்ந்தே வருகின்றன என்கிறார்கள். அடிபட்டு வளர்ந்தும் ஒரு பூனையைக்கூட விரட்டாத மனிதர்களை உங்கள் வகுப்புகளில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்!

2017இல் லாஸ் வேகஸ் ஓட்டல் ஜன்னலிலிருந்து இசைவிழாக் கூட்டத்தின்மீது சுட்டவனின் தந்தை வங்கிக் கொள்ளையர். எஃப்.பி.ஐ. தேடிய முக்கியக் குற்றவாளிகள் பட்டியலில் இருந்தவர். அவர் பிடிபட்டபோது மகனுக்கு ஏழு வயது. பத்திரிகைகளுக்கு இது போதாதா? ஆனால் அந்த மகன் கணக்காளராக வேலை பார்த்து, வீடு வாசல் வாங்கி விற்றுச் சம்பாதித்து, 64 வயதில்தான் சுட்டான். அதே தந்தைக்குப் பிறந்த தம்பிகள் யாரும் கூட்டத்தின்மீது சுடவில்லை. 2019இல் வந்த எஃப்.பி.ஐ. அறிக்கை, தெளிவான ஒற்றைக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லி முடித்துக்கொண்டது.

சாலிகிராமம்: எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். 2007இல் விர்ஜீனியாவில் கொல்லப்பட்ட பேராசிரியர் எங்கள் பக்கத்துக்காரர். அவரைக் கொன்றவனைப் பற்றி முன்கூட்டியே பலருக்குத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் ஐயா. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஜி. வி. லோகநாதன் கோபிக்கு அருகில் கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல், பிறகு கான்பூர் ஐ.ஐ.டி., பிறகு அமெரிக்காவில் பர்டியூ. 1982 முதல் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்றுக்கொடுத்தார். 2007 ஏப்ரல் 16 காலை நாரிஸ் ஹால் 206ஆம் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார். அன்று கொல்லப்பட்டவர்கள் 32 பேர்.

சுட்ட மாணவன் தென்கொரியாவில் பிறந்து எட்டு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனவன். பெற்றோர் சலவைக்கடையில் நாள் முழுக்க உழைத்தவர்கள். அக்கா பிரின்ஸ்டனில் படித்துத் தேறியவர். இவன் மட்டும் பேசமாட்டான். பள்ளியில் யார் கேட்டாலும் பதில் வராது. பதற்றத்தால் சில இடங்களில் வாய் கட்டிப்போகும் குறைபாடு என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். 1999இல், அவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கொலம்பைன் சம்பவம் நடந்தது. அதையே தானும் செய்ய வேண்டும் என்று பள்ளிக் கட்டுரையில் எழுதினான். ஆசிரியர் கவனித்தார், குடும்பத்துக்குச் சொன்னார்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மருந்து கொடுத்தார்கள், தேறினான். உயர்நிலைப் பள்ளியிலும் வாய்மொழித் தேர்வுகளில் அவனுக்குச் சலுகை தந்து பார்த்துக்கொண்டார்கள். ஆக, பதினெட்டு வயது வரை இந்தப் பையனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். முதல் நாள் செய்திகளில் இது எதுவும் வரவில்லை.

பிறகு பல்கலைக்கழகம் போனான். வீட்டருகே சிறிய கல்லூரியில் சேர்வது நல்லது என்று பள்ளி ஆலோசகர் சொன்னதை அவன் கேட்கவில்லை. இந்த வரலாற்றில் ஒரு வரிகூடப் புதிய இடத்துக்குப் போகவில்லை. 2005இல் கவிதை வகுப்பில் அவன் எழுதியதையும் நடந்துகொண்டதையும் பார்த்துச் சக மாணவர்கள் வகுப்புக்கு வரவே பயந்தார்கள். துறைத்தலைவர் அவனைத் தனியாக உட்காரவைத்துப் பாடம் சொன்னார், மனநல ஆலோசனைக்குப் போகச் சொன்னார், பல அலுவலகங்களுக்குத் தெரிவித்தார். மாணவிகள் சிலர் அவன்மீது போலீசில் புகார் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், செத்துவிடலாம் என்று அவன் அறைத்தோழருக்கு எழுத, போலீஸ் ஓர் இரவு மருத்துவமனையில் வைத்தது. அவன் தனக்கே ஆபத்தானவன், வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற வேண்டும் என்று நீதித்துறை அலுவலர் உத்தரவிட்டார். உத்தரவு நிறைவேறியதா என்று யாரும் பார்க்கவில்லை. அப்படி உத்தரவு பெற்றவன் மத்தியச் சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் வெளிநோயாளிகளின் பெயரை மாநிலம் தடைப்பட்டியலுக்கு அனுப்பும் வழக்கம் அப்போது இல்லை. 2007 தொடக்கத்தில் கடையில் பணம் கொடுத்து இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினான்.

ஆசிரியர், ஆலோசகர், போலீஸ், நீதித்துறை ஆகிய எல்லோரிடமும் ஆளுக்கொரு துண்டு இருந்தது. அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று நினைத்துப் பல்கலைக்கழக அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை. சட்டம் அவ்வளவு தூரம் தடுக்கவே இல்லை என்று பின்னால் வந்த விசாரணைக் குழு சொன்னது. கொலையாளியின் இளமைக்காலத்தைப் படிப்பதில் ஏதாவது பயன் உண்டென்றால் அது இங்கேதான். அவன் மனதுக்குள் இருந்த மர்மத்தை அந்த அறிக்கை அவிழ்க்கவில்லை. எந்த மேசையில் எந்தக் கோப்பு அப்படியே கிடந்தது என்று தேதிவாரியாகக் காட்டுகிறது.

கொளத்தூர்: வீடியோ கேம்தானே காரணம்?

மேலே சொன்ன மாணவனோடு தங்கியிருந்தவர்கள் அவன் வீடியோ கேம் ஆடிப் பார்த்ததில்லை. என் பேரன் ஓயாமல் ஆடுகிறான். கணக்கில் மட்டும்தான் அவனால் எங்களுக்கு ஆபத்து.

கீழ்ப்பாக்கம் (மருத்துவ மாணவர்): மனநோய் அல்லது மூளைக்கோளாறு என்று எடுத்துக்கொள்ள முடியாதா?

எஃப்.பி.ஐ. இப்படிச் சுட்ட 63 பேரை ஆராய்ந்து 2018இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. அவர்களில் மனநோய் என்று முன்பே கண்டறியப்பட்டவர்கள் 25 சதவீதம்தான். நீங்கள் கேட்கும் மூளைக்கோளாறுக்கு எல்லோரும் காட்டுவது 1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சுட்டவனை. பன்னிரண்டு வயதில் சாரணர் இயக்கத்தின் உயரிய பட்டம், பியானோ, கடற்படைக் காலாட்படையில் குறிதவறாத வீரன். வீட்டில் மனைவியை அடிக்கும் தந்தை. தன் உடலைப் பரிசோதனை செய்யுங்கள் என்று எழுதிவைத்துவிட்டுப் போனான், மூளையில் கட்டி இருந்தது. அதுதான் காரணம் என்று நிபுணர் குழுவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு: அந்த ஆண்டு மார்ச்சில் பல்கலைக்கழக மனநல மருத்துவரிடம் போய், கோபுரத்தில் ஏறி மக்களைச் சுடலாமா என்று தோன்றுகிறது என அவனே சொல்லியிருக்கிறான். மருத்துவரின் குறிப்பில் இருக்கிறது. அடுத்த வாரம் வரச் சொன்னார், வரவில்லை. நீங்கள் மருத்துவராகப்போகிறவர். வராத நோயாளியைப் பற்றி யோசியுங்கள், தம்பி.

அண்ணா நகர்: நார்வேக்காரனை நான்கு வயதிலேயே மருத்துவர்கள் அடையாளம் கண்டார்களாமே? அப்படியானால் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதிக்கலாமே!

2011 ஜூலை 22 அன்று 77 பேரைக் கொன்றவனைச் சொல்கிறீர்கள். 1983இல், அவனுக்கு நான்கு வயதாக இருந்தபோது, ஆஸ்லோவில் குழந்தை மனநல நிபுணர்கள் அவனையும் தாயையும் பார்த்தார்கள். தாயிடமிருந்து எடுத்து வேறு குடும்பத்தில் வளர்ப்பது நல்லது என்று பரிந்துரைத்தார்கள். அது நடக்கவில்லை. ஆனால் அந்த நிபுணர்கள் கண்டது துன்பப்படும் ஒரு குழந்தையை மட்டுமே. வளர்ந்தால் கொல்வான் என்று அவர்கள் சொல்லவில்லை. துன்பப்படும் குழந்தைக்கு உதவ எதிர்காலக் கொலை என்ற காரணம் எதற்கு? நீங்கள் சொல்லும் பரிசோதனை வந்தால் முதலில் மாட்டுவது பேசாத, திக்குகிற, மதிய உணவைத் தனியாகச் சாப்பிடும் பிள்ளைகள்தான்.

திருவான்மியூர்: நீங்கள் ஏன் பெயரே எழுதுவதில்லை?

விர்ஜீனியாக்காரன் முதல் இரு கொலைகளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவே தபால் நிலையத்துக்குப் போய், தன் படங்களையும் பேச்சையும் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அனுப்பினான். அதில் கொலம்பைன் பையன்களைப் பெயர் சொல்லித் தியாகிகள் என்கிறான். எட்டு ஆண்டுகளுக்கு முன் படித்த பெயர்கள்! 2019இல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், அவன் பெயரைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. லோகநாதன் பெயரை எழுத எனக்குத் தயக்கமில்லை.

ராயபுரம்: நம் ஊரில் துப்பாக்கி இல்லை என்பதால் தப்பித்தோம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பெரும்பாலும் சரி. 2012 பிப்ரவரியில் பாரிமுனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். கையில் வேறொன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. சாண்டி ஹூக் சம்பவம் நடந்த அதே நாளில் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியோடு பள்ளிக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். ஒரு குழந்தைகூட இறக்கவில்லை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்குவது எளிதில்லை. ஆனாலும் 2007இல் குர்கானில் ஒரு மாணவன் பள்ளிக்குள் சுட்டுக்கொல்லப்பட்டது வீட்டிலிருந்து எடுத்துவந்த தந்தையின் துப்பாக்கியால்தான்.

பாரிமுனை மாணவன் சிறுவன். அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இருந்தும் அவன் கைச்செலவுக் காசு, பார்த்த சினிமா என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான இளைஞரின் கிராமம், படிப்பு, சூளைமேட்டு விடுதி அறை எல்லாம் நமக்கு மனப்பாடம். செப்டம்பரில் அவர் புழல் சிறையில் இறந்தார், நீதிமன்ற விசாரணையே நடக்கவில்லை. நாம் படித்ததெல்லாம் குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு. அதை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பெரம்பூர் (ஒரு தாய்): என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஓராண்டாக யாரிடமும் பேசுவதில்லை. நோட்டு முழுக்கத் துப்பாக்கி வரைகிறான். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது.

பயந்துவிடாதீர்கள் அம்மா. பதினான்கு வயதில் துப்பாக்கி வரையாத பையன்கள் குறைவு. ஓராண்டாகப் பேசவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதற்குக் காரணம் பெரும்பாலும் பிறரைத் தாக்கும் எண்ணமாக இருக்காது. பள்ளியில் யாரோ துன்புறுத்தலாம், மனச்சோர்வாக இருக்கலாம், உங்களிடம் சொல்ல முடியாத ஏதோ நடந்திருக்கலாம். நோட்டைப் பிடுங்கி விசாரணை நடத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்தைப் பற்றியே கேளுங்கள். சாக வேண்டும் என்றோ யாரையாவது தாக்க வேண்டும் என்றோ எழுதியிருந்தாலும் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அமெரிக்காவில் 37 பள்ளித் தாக்குதல்களை அரசு ஆராய்ந்து 2002இல் வெளியிட்டது. ஐந்தில் நான்கில், முன்கூட்டியே தெரிந்த ஒருவராவது இருந்தார், பெரும்பாலும் இன்னொரு மாணவர். அதனால் அவன் நண்பர்கள் இருவரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள், பேச்சு தானாக வரும்.

வகுப்பாசிரியரையும் பாருங்கள். கீழ்ப்பாக்கம் என்றாலே கேலியாகச் சிரிக்கும் ஊர் இது, அதைப் பொருட்படுத்தாதீர்கள். அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குப் பெரம்பூரிலிருந்து அதிக தூரமில்லை. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பையனே தனியாகப் பேச விரும்பினால் 1098. என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அச்சில் போடமாட்டேன்.