சோளிங்கர் குரங்கும் சோலைமந்தியும்: கேள்வி பதில்

வேலூர் வட்டார இயற்கை ஆர்வலர்கள் சிங்கவால் குரங்கைப் பற்றி எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு, வால்பாறைக் காடுகளில் சில பருவங்கள் அக்குரங்குகளின் பின்னால் அலைந்தவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

காட்பாடி வாசகி: சோளிங்கர் மலைப்படிகளில் பையைப் பறிக்கும் குரங்குக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாட்டுக்குரங்கு கோயில், புளியந்தோப்பு, ரயில் நிலையம் என்று எங்கும் பிழைத்துக்கொள்ளும். சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் மட்டும், பெரும்பாலும் மரக்கிளைகளிலேயே வாழ்வது. கரிய முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிநிறப் பிடரிமயிரால்தான் அதற்குச் சிங்கத்தின் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வால் நுனியிலுள்ள குஞ்சமே காரணம்.

குடியாத்தம் வாசகர்: 'கருங்குரங்கு லேகியம்' இதிலிருந்துதான் செய்யப்பட்டதா?

அதற்காகப் பெரிதும் கொல்லப்பட்டது நீலகிரிக் கருமந்தி. இலைகளை மிகுதியாகத் தின்னும் வேறு இனம். நிறம் கறுப்பு என்பதால் சோலைமந்தியும் வேட்டைக்குத் தப்பவில்லை. அந்த லேகியம் நோய் தீர்க்கும் என்பதற்குச் சான்று கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் வேட்டையாடுவது குற்றம்.

ஆம்பூர் ஆசிரியர்: நம் ஜவ்வாதுமலையில் சில சோடிகளைக் கொண்டுவந்து விட்டால் பெருகாதா?

நல்லெண்ணத்தில் எழுந்த கேள்வி. ஆனால் பெருகாது, பட்டினிதான் கிடக்கும். ஜவ்வாதுமலைக் காடு பெரும்பாலும் கோடையில் இலையுதிர்ப்பது. சந்தன மரத்துக்கு ஏற்ற அந்த வறட்சி சோலைமந்திக்கு ஏற்றதன்று. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரத்தில் பூவோ காயோ பழமோ இருக்க வேண்டும், கிளையோடு கிளை தொடுத்திருக்கவும் வேண்டும். வெடிப்பலா மரத்தில் அது உண்பதைப் பார்த்தால் இது விளங்கும்: முள் நிறைந்த காயை இரு கைகளாலும் உருட்டிப் பிடித்து, தோலைப் பல்லால் உரித்தெறிந்து, விதைகளைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு, அடுத்த கிளைக்கு நகர்ந்து நிதானமாக மெல்லும். நடுநடுவே பட்டைகளைப் பிளந்து பூச்சிகளையும் தேடும்.

ஆற்காடு மாணவி: எண்ணிக்கை ஏன் உயர்வதில்லை?

காட்டில் ஏறத்தாழ 4,000 மட்டுமே எஞ்சியுள்ளதாக மதிப்பிடுகிறார்கள். பெண்குரங்கு முதல் குட்டியை ஈனவே ஆறு வயதளவில் ஆகிவிடும்; அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவெளி விடும். ஒரு தாய் வண்டியில் அடிபட்டால் அக்கூட்டம் அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். கேரளத்தின் குந்திப்புழா ஆற்றில் அணை எழாமல் மக்கள் போராட்டத்தால் தடுக்கப்பட்டு, 1984இல் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்த இனத்துக்குக் கிடைத்த பெரிய பேறு. அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்ததும் இக்குரங்கே.

ராணிப்பேட்டை வாசகர்: வால்பாறையில் சாலையோரம் கூட்டமாகச் சிப்ஸ் தின்பதைக் கண்டேன். பெருகிவிட்டன என்றுதானே பொருள்?

நீங்கள் கண்டது புதுத்தோட்டத்துக் கூட்டமாக இருக்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே 100 ஹெக்டேர்கூட இல்லாத ஒரு காட்டுத்துண்டில் அவற்றின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அடுத்த காட்டுக்குப் போகக் கிளைவழி இல்லாததால் அவை தரையிறங்கின. தரையிறங்கியவை குப்பைத்தொட்டிக்கும் சமையலறைக்கும் பழகின. இதைப் பெருக்கம் என்பதைவிட நெரிசல் என்பதே சரி. மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலங்களை இப்போது அவை பயன்படுத்துகின்றன. ஆனால் கீழே ஒருவர் வாழைப்பழத்தை நீட்டினால், பாலத்தை விட்டுச் சாலைக்கே இறங்கிவிடும். உணவு கொடுப்பவர்மீது எனக்குக் கோபமே வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

அதே வாசகர்: அருகில் எங்கே பார்க்கலாம்?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில். காலை வேளையில் செல்லுங்கள். வெயில் ஏறினால் நிழலில் ஒதுங்கி, குஞ்ச வாலை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு தூங்கும்.