கிளட்சை மிதித்தால் இன்ஜின் அணைகிறது: இன்ஜெக்டர்தான் காரணமா?

சேலம் அஸ்தம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி: 2014-ஆம் ஆண்டு காமன் ரெயில் டீசல் கார் வைத்திருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்ததும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஐந்து ரோடு சிக்னலிலும் சில நேரம் இப்படித்தான். ஏறும்போது தொல்லை இல்லை. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் நான்கையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். ஏறும்போது தொல்லை இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான தகவல். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் ஏற்றத்தில்தான் முதலில் வண்டி திணறும். மலையின் மெலிந்த காற்றின் மேலும் பழி போட முடியாது. ஐந்து ரோட்டில் ஏது மலை?

இறங்கும்போது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தால், இன்ஜின் கணினி டீசலை நிறுத்திவிடும். கியரில் இருப்பதால் சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன. கிளட்சை மிதித்ததும் அந்தப் பிடி விடுபடும். அந்த நொடியில், ஐட்லிங்குக்குத் தேவையான ரெயில் அழுத்தத்தை (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) உயர் அழுத்தப் பம்பு தந்தாக வேண்டும். பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு அழுக்கேறி ஒட்டிக்கொண்டால் அழுத்தம் சரிந்து இன்ஜின் அணையும். என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஸ்கேனரை மாட்டி, கணினி கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் கிடைப்பதையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஐட்லிங்கில் பல கார்களில் இது 250 முதல் 300 பார் (அழுத்த அலகு) வரை இருக்கும். அணைவதற்குச் சற்றுமுன் எண் சரிந்தால் கோளாறு டீசல் பக்கம். சரியாமலே அணைந்தால், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து முழுதும் மூடாமல் நின்றால் புகை காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அணைந்த வண்டி உடனே கிளம்புகிறதா என்பதையும் கவனியுங்கள். நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால், டீசல் குழாயில் காற்று நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்: ஃபில்டருக்குப் பின் உள்ளே தெரியும்படியான ஒரு குழாயை இணைத்தால் குமிழ்கள் தெரியும். சூடாக இருக்கும்போது கிளம்பாமல், ஆறியபின் கிளம்பினால், இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டர். அதற்கும் சோதனை உண்டு. நான்கின் ரிட்டர்ன் முனைகளிலும் (மிச்ச டீசல் திரும்பி வரும் முனைகள்) குழாய் மாட்டி, தனித்தனி பாட்டில்களில் விட்டுச் சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டுங்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட மிக வேகமாக நிரம்புகிறதோ, அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. ஒன்றுக்காக நான்கையும் ஏன் மாற்ற வேண்டும்? பழைய வண்டிகளில் செய்ததுபோல, ஓடும் இன்ஜினில் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்த மட்டும் யாரையும் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சரிசெய்யும்வரை மலைப்பாதை வேண்டாம். இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்குக்கான வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். வழியில் அணைந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.