அறமா, ஒழுக்கமா, நீதியா: விடைத்தாளில் எந்தச் சொல்?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “குடிமைப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதப்போகிறேன். பொது அறிவு நான்காம் தாளில் வரும் ‘எதிக்ஸ்’ என்ற சொல்லுக்கு, நான் விலைகொடுத்து வாங்கிய மூன்று குறிப்பேடுகளில் ஒன்று அறம் என்கிறது, ஒன்று ஒழுக்கம் என்கிறது, இன்னொன்று நீதி என்கிறது. எதிக்ஸ் சமூகம் தருவது, மொராலிட்டி மனத்துக்குள் இருப்பது, கிரேக்க வேர்ச்சொல்லின் பொருளே அதுதான் என்றும் போட்டிருக்கிறது. நான்காவதாக ஒரு சொல்லகராதியும் வாங்கச் சொல்கிறார்கள். எதை எழுதினால் மதிப்பெண் குறையாது?”

படிப்புத் துறையைக் குறிக்கும்போது ‘அறவியல்’ என்று எழுதுங்கள். ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும்போது ‘ஒழுக்கம்’. மருத்துவரோ வழக்கறிஞரோ கட்டுப்பட வேண்டிய விதித்தொகுப்புக்கு ‘நெறிமுறை’. சொல் முதன்முறை வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லையும் எழுதிவிடுங்கள். இந்திய மொழிகளில் எழுதுவோருக்குத் தேர்வாணையத்தின் அறிவிக்கையே இதை அனுமதிக்கிறது. ஆனால் கலைச்சொற்களுக்கு மட்டும்தான். வரிக்கு வரி ஆங்கிலம் சேர்த்தால் மதிப்பெண்ணைக் குறைக்கவும் அதே அறிவிக்கை இடம் தருகிறது. பயிற்சி மையங்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன.

‘நீதி’ எப்படி நுழைந்தது? இந்தத் தாள் 2013இல் வந்தது, 250 மதிப்பெண். விடையைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இதுதான் நிலை. தமிழில் எழுதும் பிள்ளை வினாவை மனத்துக்குள் மொழிபெயர்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்க வேண்டும். அந்த இடைவெளியில் கடை விரித்திருப்பவர்கள்தாம் உங்கள் குறிப்பேட்டு வியாபாரிகள். இந்தியில் இந்தத் துறைக்கு ‘நீதிசாஸ்திரம்’ என்று பெயர். வடமொழியில் ‘நீதி’ என்பதற்கு நடத்திச் செல்லுதல், நடக்கும் முறை என்று பொருள். தமிழில் இன்று நீதி என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. இந்திக் குறிப்பைப் பார்த்து அப்படியே பெயர்த்தவர் இதைக் கவனிக்கவில்லை. நீங்கள் ‘அரசு ஊழியரின் நீதி’ என்று எழுதினால், திருத்துபவர் ‘அவருக்குக் கிடைக்க வேண்டிய நியாயம்’ என்று படித்துவிடக்கூடும்.

இனி வேர்ச்சொல். கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு: ‘எதொஸ்’, ‘ஏதொஸ்’. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தமிழில் குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்து என்பதால் உங்களுக்கு உடனே விளங்கும். கிரேக்கர்களே ஒரு காலத்தில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தியவர்கள்தாம். நெடிலுக்குத் தனி எழுத்துடைய நெடுங்கணக்கை ஏதென்ஸ் நகரம் முறைப்படி ஏற்றது கி.மு. 403ஐ ஒட்டி. குறில் சொல்லுக்குப் பழக்கம் என்று பொருள். நெடில் சொல்லுக்குக் குணம். ‘எதிக்ஸ்’ பிறந்தது இந்த நெடில் சொல்லிலிருந்துதான். அந்த நெடில் சொல்லின் பழைய பொருள் இன்னும் அழகானது: பழகிய இடம், வழக்கமாகத் தங்குமிடம். ஹோமரின் இலியட் காப்பியத்தில், கட்டறுத்து ஓடும் குதிரை தன் கூட்டம் பழகிய இடத்துக்கும் மேய்ச்சலுக்கும் விரைகிறது. அங்கே வருவது இந்தச் சொல்தான். பழகிய இடம் பழகிய நடத்தையாகி, நடத்தை குணமாயிற்று. குணத்தைக் குறிக்கும் சொல், பழக்கத்தைக் குறிக்கும் சொல்லைச் சற்றே மாற்றி அமைத்தது என்று அரிஸ்டாட்டிலும் எழுதுகிறார். நற்குணம் பிறவியில் வருவதில்லை, செய்து செய்து படிவது என்பது அவர் வாதம்.

அப்படியானால் ‘மொராலிட்டி’? கி.மு. 44இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ, ‘ஏதொஸ்’ என்ற அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இணையாக, வழக்கத்தைக் குறிக்கும் ‘மோஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ‘மொராலிஸ்’ என்று ஒன்றை ஆக்கினார். தம் மொழியை வளப்படுத்தவே அப்படிச் செய்வதாகவும் சொன்னார். அதாவது இரண்டாவது சொல், முதலாவதன் மொழிபெயர்ப்பு! வெளியே, உள்ளே என்ற பிரிவினை வேரில் இல்லை. பின்னாள் சிந்தனையாளர்கள் சிலர் இரண்டையும் பிரித்தது உண்மை. நீங்களும் பிரிக்கலாம், ஆனால் ‘இந்த விடையில் இவ்வாறு பிரித்துக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் பிரியுங்கள். கிரேக்க வேரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

நம் சொல்லின் வேரையும் அறிந்து எழுதுங்கள். ஒழுகுதல் என்றால் நீர்போல ஓடுதல், இடையறாமல் நடந்துவருதல், அதிலிருந்துதான் ‘ஒழுக்கம்’. கிரேக்கச் சொல் தங்குமிடத்திலிருந்து பிறந்தது. நம்முடையது ஓட்டத்திலிருந்து பிறந்தது. ஒரு நாள் நல்லவராக இருப்பதை ஒழுக்கம் என்று தமிழ் சொல்லாது.

உங்கள் கடிதத்தோடு வந்த குறிப்பேட்டுப் பக்கத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி வேறு. ‘திருக்குறள் தரும் விளக்கம்’ என்ற தலைப்பின்கீழ், ‘மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் அறம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது வள்ளுவர் வாக்கே அல்ல. உரையாசிரியர் பரிமேலழகர் சொன்னது. அந்த உரையிலேயே அவர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்து, ஒழுக்கத்தை வருணத்தோடு கட்டிவைக்கிறார். வள்ளுவர் சொன்னது 34ஆம் குறளில் இருக்கிறது: ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற.’ மனத்தில் குற்றமில்லாதிருப்பதே அறம், மற்றவை வெறும் ஆரவாரம் என்பது பொருள். விதித்தன செய்தல் எங்கே, மனத்தில் மாசின்மை எங்கே? அரசு அதிகாரியாகப் போகிறவர் இந்த இரண்டையும் ஒன்றென்று எழுதிப் பழகுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. உரையை மேற்கோள் காட்டினால் உரையாசிரியர் பெயரைப் போடுங்கள். குறளை மேற்கோள் காட்டினால் மூலத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

விடையின் தொடக்க வரியை இப்படி அமைக்கலாம்: ‘மனிதர் எப்படி நடக்க வேண்டும், ஏன் அப்படி நடக்க வேண்டும் என்று காரணத்தோடு ஆராயும் துறை அறவியல்.’ பிறகு நேராக வினாவுக்குள் போய்விடுங்கள். வேர்ச்சொல் வரலாறு கேட்கப்பட்டால் ஒழிய அதற்கு இரண்டு வரிக்கு மேல் செலவிட வேண்டாம். அந்த நான்காவது சொல்லகராதியை வாங்காதீர்கள்.