நாசர் ஏரிக் கப்பல்: கேளுங்கள், சொல்கிறேன்

எகிப்தின் தெற்குக் கோடியில், அஸ்வான் உயர் அணைக்கு மேலே நாசர் ஏரி. அதில் சொகுசுக் கப்பலில் மூன்று நான்கு நாள் மிதந்தபடி, எகிப்து மன்னர் இரண்டாம் ராம்செஸ் மலையைக் குடைந்து கட்டிய அபு சிம்பெல் முதலிய பழைய கோயில்களைப் பார்க்கிற பயணத்தைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். குழுக்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஏரியில் ஒன்பது தடவை போய் வந்திருக்கிறேன், அதுதான் என் தகுதி. விலையும் விசாவும் என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லியும் பாதிக் கேள்விகள் அவைதான். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி (சேலம்): அண்ணா, லக்ஸரில் ஏறினால் அதே கப்பலில் அபு சிம்பெல் வரைக்கும் போய்விடலாமா?

பதில்: முடியாது தம்பி. லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவே ஓடுகிற கப்பல்கள் அணைக்குக் கீழே, ஆற்றில் ஓடுபவை. உயர் அணையில் கப்பல் ஏறி இறங்குவதற்கான மதகு கிடையாது. ஏரியில் ஓடுகிற கப்பல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை ஏரியைவிட்டு வெளியே வர முடியாது, ஆற்றுக் கப்பல் உள்ளே போகவும் முடியாது. அதனால் பணம் கட்டும் முன் ரசீதில் 'நாசர் ஏரி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என் அக்கா குடும்பத்துக்கு ஒரு ஏஜென்ட் 'அபு சிம்பெல் குரூஸ்' என்று சொல்லி ஆற்றுக் கப்பலை விற்றுவிட்டார். அஸ்வானில் இறங்கியதும் அபு சிம்பெலுக்குப் பேருந்தைக் காட்டினார்கள். அத்தான் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார், ஏஜென்டை விட்டுவிட்டு என்னிடம்.

கேள்வி (கோவை): எந்த மாதம் நல்லது?

பதில்: அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலையில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அந்த மணலில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். குளிர்காலத்தில் இரவு மேல்தளத்தில் உட்கார ஸ்வெட்டர் வேண்டும்.

கேள்வி (மயிலாப்பூர்): நாங்கள் சுத்த சைவம். கப்பலில் என்ன சாப்பிடுவது?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. பருப்பு சூப், ஃபூல் என்கிற, மொச்சை மாதிரியான பயற்றுக் கூட்டு, அதே பயற்றை அரைத்துப் பொரித்த தாமியா (நம் பருப்பு வடைக்குத் தங்கை), சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கோஷரி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே 'வெஜிடேரியன்' என்றால் கோழிச் சாற்றில் வெந்த காய்கறி வரும் ஆபத்து இருக்கிறது. 'சியாமி' என்று சொல்லுங்கள். காப்டிக் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர். கறி, முட்டை, பால் எதுவும் சேராது. சில விரதங்களில் மட்டும் மீன் உண்டு. அதனால் 'சியாமி, மீனும் வேண்டாம்' என்று முதல் நாளே சமையல்காரரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். தயிர் தனியாகக் கேட்டால் தருவார்கள். ஊறுகாய் உங்கள் பொறுப்பு.

கேள்வி (ஈரோடு): ஏரியில் குளிக்கலாமா?

பதில்: முதலை இருக்கிறது. அணைக்குக் கீழே அநேகமாக இல்லை, மேலே நிறைய. கப்பல் நீச்சல்குளத்தில் குளியுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): அபு சிம்பெல் எல்லோருக்கும் தெரியும். வழியில் இருக்கிற மற்ற கோயில்கள் பார்க்கிற அளவுக்கு இருக்குமா, இல்லை பொழுதுபோக்கா?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். எனக்கு அபு சிம்பெலைவிட வழிதான் பிடிக்கும். அஸ்வானிலிருந்து கிளம்பினால் முதலில் கலப்ஷா. நூபியர்களின் (தெற்கு எகிப்து, வடக்கு சூடான் ஆற்றங்கரை மக்கள்) மண்டுலிஸ் என்ற கடவுளுக்கு ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கட்டியது. பக்கத்திலேயே கெர்தாசி மண்டபமும் பெய்த் எல்-வாலியும். பிறகு ஏரியின் நடுப்பகுதியில் தக்கா, மஹர்ராக்கா, வாதி எஸ்-செபுவா மூன்றும் ஒரே கரையில். மஹர்ராக்கா சின்னக் கோயில், கட்டி முடிக்காமல் விட்டது. அங்கே சுழல் படிக்கட்டு ஒன்று உண்டு. பழைய எகிப்தியக் கோயில்களில் வேறெங்கும் அப்படி ஒன்றைப் பார்க்க முடியாது.

வாதி எஸ்-செபுவாவை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். பெயருக்குச் 'சிங்கப் பள்ளத்தாக்கு' என்று பொருள். வாசலில் வரிசையாக, சிங்க உடல் கொண்ட ஸ்ஃபிங்க்ஸ் சிலைகள். இரண்டாம் ராம்செஸ் கட்டியது. பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் இதைத் தேவாலயமாக்கினார்கள். கருவறை மாடத்தில் இருந்த பழைய தெய்வ உருவங்கள்மேல் சாந்து பூசி, கையில் சாவியோடு புனித பேதுருவை வரைந்தார்கள். பல நூற்றாண்டு கழித்து இரண்டு பக்கச் சாந்தும் உதிர்ந்தது, நடுவில் பேதுரு மட்டும் நின்றுவிட்டார். இப்போது உள்ளே போய் நின்றால் ராம்செஸ் இரண்டு பக்கமும் நின்று புனித பேதுருவுக்கு மலர் சாத்திக்கொண்டிருக்கிறார். திட்டமிட்டு வரைந்திருந்தால்கூட இப்படி வராது. வெளியே வந்தால் ஒருவர் குட்டி முதலையைக் கையில் வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கக் கூப்பிடுவார். காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த குட்டியையும் பிடிப்பார்.

அதற்கடுத்து அமாதா. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கிடங்கு மாதிரி இருக்கும். மூன்றாம் துட்மோஸும் இரண்டாம் அமென்ஹோதெப்பும் கட்டியது, ஏரிக்கரைக் கோயில்களிலேயே பழையது. உள்ளே வண்ணம் இன்னும் நிற்கிறது, அதுவும் கிறிஸ்தவர்கள் பூசிய சாந்தின் புண்ணியம். பின்சுவர்க் கல்வெட்டில் அமென்ஹோதெப் தான் கொன்ற ஏழு சிற்றரசர்களைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்கிறார்: ஆறு பேரைத் தீப்ஸ் (இன்றைய லக்ஸர்) மதில்மேலும், ஏழாமவரைத் தெற்கே நபாட்டா மதில்மேலும் தொங்கவிட்டாராம். நூபியர்கள் பார்த்துப் பயப்படட்டும் என்றுதான் அந்த ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

கேள்வி (திருச்சி): பிலே கோயில் இந்தப் பயணத்தில் வருமா?

பதில்: வராது. அது பழைய அணைக்கும் உயர் அணைக்கும் நடுவே இருக்கிறது. அஸ்வானில் தங்கும் நாளில் தனியாகப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சார், ஒன்று கேட்டால் கோபப்படாதீர்கள். இந்தக் கோயில்கள் எல்லாம் அணைக்காக வெட்டி எடுத்து வேறு இடத்தில் ஒட்டவைத்தவை என்கிறார்கள். அப்படியென்றால் நாம் பார்ப்பது ஒரிஜினலா, செட்டிங்கா?

பதில்: கோபமில்லை. 1960-ல் அணை வேலை தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. இருபது வருடத்தில் இருபத்திரண்டு சின்னங்கள் இடம் மாறின. ஒவ்வொன்றும் ஒரு விதம். கலப்ஷா கல் கல்லாகக் கட்டியது, அதனால் மேற்கு ஜெர்மனிக்காரர்கள் சுமார் 13,000 கற்களாகப் பிரித்து, 50 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் மறுபடி அடுக்கினார்கள். அமாதாவைப் பிரித்தால் சுவர் ஓவியம் போய்விடும். பிரெஞ்சுக்காரர்கள் கோயிலை அப்படியே முழுசாகத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றி 2.6 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். அபு சிம்பெல் மலையையே குடைந்தது, பிரிக்கவும் முடியாது, உருட்டவும் முடியாது. 1964 முதல் 1968 வரை அறுத்தார்கள். முகப்புச் சிலைகள்மேல் மணலைக் கொட்டி மூடிவிட்டு மேலிருந்து மலையை வழித்து, கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக்கி, 65 மீட்டர் மேலே, சுமார் 200 மீட்டர் பின்னால் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு துண்டு இருபது, முப்பது டன். வெளியே தெரிகிற இடங்களில் கைவாளால் அறுத்தார்கள், கோடு மெல்லிசாக இருக்க வேண்டுமே. கல் அதே கல்தான் தம்பி. செட்டிங் என்றால் பின்னால் இருக்கிற மலையைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அது கான்கிரீட் குவிமாடத்தின்மேல் மண்ணும் பாறையும் போட்டது.

கேள்வி (சுவாமிமலை): நான் சிற்பி குடும்பம். நாகர்கோவில்காரர் கேட்டது நியாயம். நாங்கள் மூலவரை அசைப்பதென்றால் முதலில் பாலாலயம் செய்து சக்தியை வேறிடத்துக்கு மாற்றுவோம். அங்கே கும்பிட ஆளில்லை, தெய்வமில்லை. இடமும் போன பிறகு மிஞ்சுவது வெறும் கல்தானே?

பதில்: ஐயா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அங்கே பூஜை நின்று ஆயிரத்தைந்நூறு வருடம் ஆகிவிட்டது. ஆனால் இடம் பற்றி அவர்கள் எவ்வளவு கவலைப்பட்டார்கள் என்று பாருங்கள். அபு சிம்பெல் முகப்பில் நான்கு ராம்செஸ் சிலைகளில் ஒன்று பழங்காலத்திலேயே நிலநடுக்கத்தில் உடைந்து, தலையும் மார்பும் காலடியில் விழுந்துவிட்டன. நிமிர்த்தி வைக்க நல்ல வாய்ப்பு, கிரேன் இருந்தது. செய்யவில்லை. விழுந்த துண்டுகளைக் கீழே எப்படிக் கிடந்தனவோ அப்படியே மேலேயும் போட்டார்கள். செட்டிங் போடுகிறவன் அதைச் செய்ய மாட்டான்.

கேள்வி (நாகர்கோவில், மறுபடியும்): அப்படியென்றால் அபு சிம்பெலில் சூரிய ஒளி தேதி ஏன் மாறியது? அது மாறினாலே இடம் மாறியதுதானே?

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. வருடத்தில் இரண்டு நாள் காலைச் சூரியன் நேராக உள்ளே போய்க் கருவறையில் படும். முன்பு பிப்ரவரி 21, அக்டோபர் 21 என்பார்கள். இப்போது இரண்டுமே 22. ஒரு நாள் பிசகு. மலையை அறுத்து நகர்த்தியதில் ஒரே ஒரு நாள் என்பது எனக்கு ஆச்சரியம், உங்களுக்குக் குறை. உள்ளே மூன்று தெய்வங்களும் ராம்செஸும் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள்: ப்தா, அமுன்-ரா, ராம்செஸ், ரா-ஹொரக்தி. ப்தாவுக்கு இருட்டோடு உறவு, அவர்மேல் வெளிச்சம் படாது, இன்றும் படுவதில்லை. அது ராம்செஸின் பிறந்தநாள், முடிசூட்டு நாள் என்று கைடுகள் சொல்வார்கள், ஆதாரம் கிடையாது. அந்த இரண்டு தேதிகளில் போவதாக இருந்தால் திருவிழாக் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): லக்ஸரிலிருந்து கப்பலிலேயே...

பதில்: இல்லை. முதல் கேள்வி.

கேள்வி (மேட்டூர்): கோயில் ஒரிஜினலா என்று இவ்வளவு சண்டை. எங்கள் ஊர் அணையிலும் கிராமங்கள் மூழ்கின, தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் நந்தி தலை காட்டும். அங்கே இருந்த சனங்கள் என்ன ஆனார்கள்?

பதில்: இதைக் கேட்க உங்கள் ஊர்க்காரர்தான் வர வேண்டியிருந்தது. எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 நூபியர்கள், 1963-64-ல், அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போ பக்கம் கட்டிய குடியிருப்புகளுக்குப் போனார்கள். வாசல் சுவரில் வண்ணம் தீட்டி, பீங்கான் தட்டுகளைப் பதித்துக் கட்டிய வீடுகள் அவர்களுடையவை. ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஆற்றைவிட்டுத் தள்ளி வரிசை வீடு கிடைத்தது. சூடானில் வாதி ஹல்ஃபாக்காரர்களை இன்னும் தூரம் அனுப்பினார்கள். கோயிலுக்கு ஐம்பது நாடு காசு கொடுத்தது. தெந்தூர் கோயில் நியூயார்க்குக்கும், தெபோத் கோயில் ஸ்பெயினின் மத்ரீதுக்கும் நன்றிப் பரிசாகப் போயின. வீட்டுக்கு யாரும் தண்டவாளம் போடவில்லை. நாகர்கோவில்காரரும் சுவாமிமலை ஐயாவும் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கேள்வி (சுவாமிமலை): இதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

பதில்: நிற்கட்டும் ஐயா. இடம் மாறாத ஒன்று உண்டு, கஸ்ர் இப்ரிம். ஆற்றிலிருந்து எழுபது மீட்டர் உயரத்தில் குன்றின்மேல் இருந்த கோட்டையும் தேவாலயமும். இப்போது தண்ணீர் அதன் மதிலைத் தொடுகிறது. கப்பல் பக்கத்தில் நின்று காட்டும், இறங்க விடமாட்டார்கள். உங்கள் கணக்குப்படி முழு ஒரிஜினல் அதுதான். கிட்டப் போக முடியாது.

கேள்வி (கீழடி): தமிழர்கள் அந்தக் காலத்தில் எகிப்து போனார்களே, இந்தக் கோயில்களில் தடயம் உண்டா?

பதில்: எகிப்தில் தமிழ் என்றால் முதலில் செங்கடல் துறைமுகங்களைப் பாருங்கள். குசெய்ர் அல்-கதீமில் 'பானை ஒறி' (பானை வைக்கும் உறி) என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு, பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகு நிறைந்த ஜாடி. ஏரிப்பக்கம் வேறு தொடர்பு: 1962-ல் பி.பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் குழு, மூழ்கப்போகும் நூபியாவில் அகழாய்வு செய்தது. கிறுக்கல்தான் வேண்டுமென்றால் அபு சிம்பெலில் ராம்செஸ் காலில் கிரேக்கக் கூலிப்படை வீரர்கள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. முடியுமா?

பதில்: கப்பலில் சிரமமில்லை. கரைக்குப் போக மோட்டார் படகில் ஏறி இறங்க வேண்டும், கைப்பிடி எப்போதும் இருக்காது. அப்புறம் மணலில் நடை. கைத்தடி, கயிறு கட்டிய தொப்பி (காற்று அடித்துப் போய்விடும், ஒன்பது தடவையும் யாராவது ஒருவர் தொப்பியை ஏரிக்குக் கொடுத்திருக்கிறார்), மூடிய செருப்பு. தக்காவில் கோபுரப் படி ஏற வேண்டாம். அபு சிம்பெலுக்குக் கடைசி நாள் கப்பல் நேராகக் கோயில் முன்னால் போய் நிற்கும். அதை அம்மா மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கட்டும்.

கேள்வி (சேலம், மறுபடியும்): அண்ணா, ரசீதைப் பார்த்தேன். 'அஸ்வான், அபு சிம்பெல் எக்ஸ்கர்ஷன், காலை 4 மணி' என்று இருக்கிறது. இது ஏரிக் கப்பல்தானே?

பதில்: பேருந்து. 280 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள். ஓட்டலில் காலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டித் தருவார்கள், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.