ஏழு மாட்டுக் கேனுக்கும் பாக்கெட் பாலுக்கும் ஒரே அளவுகோலா?

கேள்வி: மாதவரம் அருகே ஏழு கலப்பினப் பசுக்களை வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றி வருகிறேன். மே மாதக் கடைசியில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேனிலிருந்து மாதிரி எடுத்துச் சென்றார். கொழுப்பு 3.9 சதவீதம், கொழுப்பில்லாத திடச்சத்தான எஸ்.என்.எஃப் 8.1 சதவீதம், எனவே ‘தரம் குறைந்தது’ என்று சென்ற வாரம் அறிக்கை வந்திருக்கிறது. நான் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்கவில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் எனக்கும் ஒரே விதி என்பது நியாயமா?

பதில்: கிருமி, கலப்படம், மருந்து எச்சம் ஆகியவற்றில் சிறியவர், பெரியவர் என்று விதி பிரிக்கக் கூடாது என்பதே என் கருத்து. உங்கள் சிக்கல் அதுவன்று. பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும், எஸ்.என்.எஃப் 8.3 சதவீதமும் குறையாமல் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மாடுகளின் பாலை ஒன்றாகக் கொட்டும் நிறுவனத்தில் ஒரு மாட்டின் குறை தெரியாமல் கரைந்துவிடும். போதாததற்கு, சமன்படுத்திய பால் என்ற பெயரில் விற்கும்போது பால்பவுடர் சேர்த்துச் சத்தைச் சரிசெய்துகொள்ளவும் சட்டமே இடம் தருகிறது. அதே பவுடரை நீங்கள் ‘பசும்பால்’ கேனில் கலந்தால் குற்றம். வெயில் காலத்தில் தீனி எடுப்பது குறைந்து, பசுந்தீவனமும் கிடைக்காதபோது, கலப்பினப் பசுவின் எஸ்.என்.எஃப் இயல்பாகவே 8.3-க்குக் கீழே இறங்குவதை மாடு வளர்ப்போர் அனைவரும் அறிவர்.

அபராதத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்குபவர் கேட்ட தரத்தில் இல்லாத உணவை விற்பது பற்றிய 50-ஆம் பிரிவு, உரிமம் தேவைப்படாமல் பதிவு மட்டும் போதுமான சிறு வணிகருக்கு அபராத வரம்பை 25,000 ரூபாயாகக் குறைக்கிறது. தரம் குறைந்த உணவைப் பற்றிய 51-ஆம் பிரிவிலோ அந்தச் சலுகை இல்லை. எல்லாருக்கும் 5 லட்சம் ரூபாய் வரை விதிக்கலாம். ஆயினும் கிடைத்த ஆதாயம், பிறருக்கு நேர்ந்த இழப்பு, தவறு மீண்டும் நடந்ததா என்பவற்றைக் கருத வேண்டும் என்று 49-ஆம் பிரிவு சொல்வதால், விசாரணையில் அதையே நீங்கள் பற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை மேல்முறையீடு. அறிக்கை கைக்கு வந்த 30 நாட்களுக்குள் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் எழுத்து மூலம் கொடுத்தால், அவரிடம் முத்திரையுடன் இருக்கும் மாதிரியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். தண்ணீர் கலந்திருந்தால் கொழுப்பும் சேர்ந்தே இறங்கியிருக்கும். உங்கள் அறிக்கையில் கொழுப்பு 3.9 நிற்பது உங்களுக்குச் சாதகமானது, அதை மனுவில் எழுதுங்கள். பதிவுச் சான்றின் நகலையும் இணையுங்கள். (பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்குத்தான் பதிவிலிருந்து விலக்கு, வீட்டுக்கு ஊற்றும் உங்களுக்கு இல்லை.)

இனி மாதிரி எடுக்க வரும்போது, கேனை அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள். ஏடு மேலே மிதக்கும் கேனில் அடிப்பாலை எடுத்தால் கொழுப்பும் குறைவாகக் காட்டும். மாதிரி நான்கு பகுதியாகப் பிரிக்கப்படும்போது, ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புமாறு அங்கேயே எழுதிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தச் செலவு உங்களுடையது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் ஒருமுறை தனித்தனியே சோதித்துப் பாருங்கள். ஒரே மாட்டில் மட்டும் எஸ்.என்.எஃப் மிகவும் குறைந்திருந்தால், வெளியே தெரியாத மடிநோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டும் வரை அதன் பாலைக் கேனில் சேர்க்காதீர்கள்.