உடை அசல்தான், டிக்கெட் அசலா?

கேள்வி: புக்கிட் பிந்தாங் பேரங்காடி ஒன்றில் தேவதைக் கதைப் படம் ஒன்றின் உடைகளையும் பொருள்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள என் அம்மாவையும் அழைத்துப் போக ஆசை. அகப்பக்கத்தில் சனிக்கிழமை டிக்கெட் முடிந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தம்மிடம் நான்கு டிக்கெட் இருப்பதாகவும், அவருடைய வங்கிக் கணக்கில் பணம் போட்டால் உடனே கியூஆர் அனுப்புவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா? அங்கே இருப்பவை உண்மையிலேயே படத்தில் உடுத்தியவைதானா? — வாசகி, கிள்ளான்

பதில்: வாங்காதீர்கள். அவர் அனுப்பப் போவது வெறும் ஒரு படம். அதே படத்தை இன்னும் ஆறு பேருக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். வாசலில் உள்ள கருவிக்கு முதலில் வந்தவர்தான் சொந்தக்காரர். அடுத்து வருபவருக்கு ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று சிவப்பாகக் காட்டும். அங்கே நிற்கிற பகுதிநேர ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை, அவரால் உள்ளே விட முடியாது.

நம்ப வைப்பதற்காக மைகார்ட் அடையாள அட்டையின் படத்தை அனுப்புவார்கள். அது முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடைய அட்டையாக இருக்கலாம். போலீசின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். புகார் வந்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். எதுவும் இல்லை என்று வந்தால், இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்பதோடு சரி. புதிதாகத் திறந்த கணக்கு எப்போதுமே சுத்தமாகத்தான் இருக்கும். ‘இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள்’ என்று அவசரப்படுத்தினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் பாதி மட்டும் கேட்டுக்கொண்டு போய்ப் பணத்தை விடுபவர்கள் அதிகம் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். மறுவிற்பனை அகப்பக்கம் ஒன்றில் உங்கள் சொந்தக் கிரெடிட் கார்டை நேரடியாகப் பயன்படுத்தி வாங்கினால், டிக்கெட் வராதபோதோ போலியாக இருந்தாலோ வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’, அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு. கண்காட்சி முடியட்டும் என்று காத்திருக்காமல், சிக்கல் தெரிந்த அன்றே எழுத்து மூலம் கொடுங்கள். வாங்கிய பக்கம், ரசீது, விற்றவரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் இ-வாலட்டை நிரப்பி, அந்த வாலட்டிலிருந்து விற்பவருக்கு அனுப்பினால் இது செல்லாது. நீங்கள் கார்டில் வாங்கியது வாலட் இருப்புத்தொகை, அது உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பார்கள். தம்பியின் கார்டில் வாங்கினால் தம்பிதான் மனுக் கொடுக்க வேண்டும். கார்டு என்று சொன்னதும் விற்பவரே ஓர் இணைப்பை அனுப்பினால் அதைத் தொடவே வேண்டாம், போவது டிக்கெட் காசு மட்டுமாக இருக்காது. கணக்குக்குக் கணக்கு மாற்றிய பணத்துக்குச் சார்ஜ்பேக் என்பதே கிடையாது.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அல்லது உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. பிறகு போலீஸ் புகார். பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கும். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். வாட்ஸ்அப் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஓடிப்போனவனின் முகவரிக்கு எங்கே போவது? ஏமாந்தவர்தான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, ஏமாற்றியவன் அடுத்த சிம் கார்டுக்கு மாறிவிடுகிறான்.

சரி, சனிக்கிழமைக்கு என்ன வழி? நான்கு டிக்கெட்டாகத் தேடாமல் இரண்டு இரண்டாகத் தேடுங்கள். ஒரு நேரப்பிரிவில் மூன்று இடம்தான் மீதி என்றால், நான்கு கேட்பவருக்கு ‘முடிந்தது’ என்றே பல தளங்கள் காட்டும். கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் விட்டவர்களின் இடங்கள் சற்று நேரத்தில் திரும்ப வரும், அதனால் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைக்கும் ‘செயலாக்கக் கட்டணத்தை’ முதல் பக்கத்திலேயே போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சின்னப் பிள்ளைக்கு இலவசம் என்று இருந்தாலும் சுழியம் ரிங்கிட் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். பிள்ளையின் மைகிட் அடையாள அட்டையை மறக்க வேண்டாம். அம்மாவை அழைத்துப் போவதால், சனிக்கிழமையை விட்டுவிட்டு வாரநாள் காலை முதல் பிரிவுக்குப் போவதே என் யோசனை.

கிள்ளானிலிருந்து கேடிஎம் கொம்யூட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து நடைபாதை வழியாக முசியம் நெகாரா எம்ஆர்டி, மூன்றாவது நிறுத்தம் புக்கிட் பிந்தாங். நடைபாதை அம்மாவுக்கு நீளம்தான். சக்கர நாற்காலி கிடைக்குமா என்று பேரங்காடியின் தகவல் முகப்பில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உள்ளே போனதும் ‘என்ன இவ்வளவு இருட்டு?’ என்று தோன்றும். வேண்டுமென்றே செய்வதுதான். பட்டுக்கும் சாயத்துக்கும் வெளிச்சம் எதிரி, ஒருமுறை வெளுத்தது திரும்பாது. அதனால் பழந்துணிகளைச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சத்தில் வைப்பது அருங்காட்சியக வழக்கம். நம் அலுவலக மேசைமீது அதைப் போலப் பல மடங்கு வெளிச்சம் விழுகிறது. முதல் அறையிலேயே ஐந்து நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு நகருங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்தால் பழகிய கண் மறுபடி கெட்டுவிடும். படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு, கருநிறச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு மிக அருகில் கைப்பேசியைப் பிடியுங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் எடுத்த படத்தில் இளவரசியின் பாவாடைமேல் அவர் வயிறுதான் தெரியும். குளிரும் அதிகமாக இருக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை.

அசலா என்ற கேள்விக்கு, கூட்டம் இழுக்கும் விளம்பரத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளின் சிறு அட்டையைப் படியுங்கள். ‘திரையில் பயன்படுத்தியது’, ‘படத்துக்காகச் செய்தது’, ‘நகல்’ மூன்றும் வேறு வேறு. நாயகியின் ஒரே கவுன் பல பிரதிகளாகத் தைக்கப்படும்: நெருங்கி எடுக்கும் காட்சிக்கு ஒன்று, ஓடி விழும் காட்சிக்கு ஒன்று, மாற்று நடிகைக்கு ஒன்று. வாளும் அப்படித்தான், கிட்டத்தில் காட்ட உலோகம், சண்டைக்கு ரப்பர். கிழிந்த அங்கியைப் பார்த்து ‘பாவம், பழசு’ என்று நினைக்காதீர்கள். புதுத் துணியைத் துருவியாலும் மணற்காகிதத்தாலும் தேய்த்துச் சாயம் தெளித்துப் பழசாக்குவதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். உடுத்தியதற்கான தடயம் கழுத்துப் பட்டையின் உள்விளிம்பிலும் அக்குளிலும் இருக்கும்: ஒப்பனைக் கறை, வியர்வையில் மங்கிய திட்டு, அவசரத்தில் போட்ட கைத்தையல்.

ஆனால் உடுத்தாததெல்லாம் போலி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2015இல் வந்த டிஸ்னியின் ‘சின்டரெல்லா’ படத்துக்காக ஸ்வரோவ்ஸ்கி செய்த படிகக் காலணியைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியாது. நடிகை தோல் காலணியில் நடித்தார், அதைக் கணினியில் படிகமாக மாற்றினார்கள். காலணி அசல், ஆனால் யாரும் அதில் நடந்ததில்லை. வெளிவாசல் கடையில் ‘படத்தில் வந்த அதே கிரீடம்’ என்று தொங்குவது இந்த வகை எதிலும் சேராது. பிள்ளைகள் கேட்டால் பொம்மை விலைக்கு மேல் ஒரு ரிங்கிட்டும் கொடுக்காதீர்கள்.