ஹிட்ச் பைக் ரேக்: தொங்கவிடுவதா, தட்டில் நிறுத்துவதா?

அமெரிக்காவில் எஸ்யூவியின் பின்னால் 2 சைக்கிள் கொண்டுபோக எந்த ரேக் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குனிந்து, வண்டியின் பின்னடியில் உள்ள ஹிட்ச்சில் (இழுவைக்கான இரும்புப் பொருத்தியில்) ரேக்கைச் செருகும் ரிசீவர் குழாயின் வாயை அளந்துவிடுங்கள். 1.25 அங்குலமா, 2 அங்குலமா? 2 என்றால் தேர்ந்தெடுக்க நிறைய உண்டு.

தொங்கவிடும் ரேக் விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசும். ஒரே பயணத்தில் என் பெடல் மனைவியின் சைக்கிள் பெயின்டைச் சுரண்டிவிட்டது. பேச்சு வாங்கியதைச் சொல்லவேண்டியதில்லை! கார்பன் பிரேம், மின்சைக்கிள் என்றால் யோசிக்காமல் சக்கரத்தைப் பிடிக்கும் தட்டு ரேக்தான்.

அப்புறம் எடை. 25 கிலோ மின்சைக்கிள் இரண்டு, ரேக் 25 கிலோ என்றால் மொத்தம் 75. ஹிட்ச் தாங்கும் செங்குத்து எடை இதைவிட அதிகமாக இருக்கவேண்டும். ரேக்கில் ஒரு சைக்கிளுக்கான வரம்பையும் தனியாகப் பாருங்கள். டிக்கி திறக்க ரேக் சாய்கிறதா என்று கடையிலேயே சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.